வெள்ளி விழா 1958-ல், பொன்விழா 1982-ல்: விமானப்படை அஞ்சல் தலைகளில் ஒரு வருஷம் எங்கே போச்சு?

25 ஆண்டு ஆனால் வெள்ளி விழா, 50 ஆண்டு ஆனால் பொன்விழா. இரண்டுக்கும் நடுவில் 25 ஆண்டு இருக்க வேண்டும். ஆனால் இந்திய விமானப்படைக்காக வெளியான நினைவு அஞ்சல் தலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கும். வெள்ளி விழா அஞ்சல் தலை வெளிவந்தது 1958-ல். பொன்விழா அஞ்சல் தலை வெளிவந்தது 1982-ல். இடையில் இருப்பது 24 வருஷம்தான்.

இது அச்சுப் பிழை இல்லை. விமானப்படையின் பிறந்தநாள் எது என்ற கேள்விக்கு இரண்டு சரியான பதில்கள் இருப்பதுதான் காரணம்.

விமானப்படை பிறந்தது எப்போது?

முதல் பதில், 1932 அக்டோபர் 8. பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் இந்திய விமானப்படை சட்டப்படி உருவாக்கப்பட்ட நாள் அது. இன்றும் விமானப்படை தினம் கொண்டாடப்படுவது அக்டோபர் 8-ல்தான்.

ஆனால் அன்றைக்கு அந்தப் படைக்கென்று ஒரு விமானம்கூட இல்லை. முதல் ஸ்குவாட்ரன் அமைக்கப்பட்டது 1933 ஏப்ரல் 1-ல். நான்கு 'வாபிட்டி' ரக விமானங்கள், பிரிட்டனில் பயிற்சி பெற்ற 6 இந்திய அதிகாரிகள், 'ஹவாய் சிப்பாய்' என்று அழைக்கப்பட்ட 19 வீரர்கள். மொத்தப் படையும் அவ்வளவுதான்.

காகிதத்தில் பிறந்தது 1932, களத்தில் இறங்கியது 1933. முதல் கணக்கில் எண்ணினால் 50 ஆண்டு நிறைவது 1982-ல். இரண்டாவது கணக்கில் எண்ணினால் 25 ஆண்டு நிறைவது 1958-ல். காணாமல் போன அந்த ஒரு வருஷம் இதுதான்.

1958: 15 நயா பைசாவில் இரண்டு காலம்

1958 ஏப்ரல் 30-ம் தேதி வெள்ளி விழாவுக்கு இரண்டு அஞ்சல் தலைகள் வந்தன. ஒன்று 15 நயா பைசா, இன்னொன்று 90 நயா பைசா. அணா போய் நயா பைசா புழக்கத்துக்கு வந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

படத்தில் இரண்டு விமானங்கள். ஒன்று, இரட்டை இறக்கைகளும் மேல்மூடி இல்லாத விமானி இருக்கையும் கொண்ட பழைய வாபிட்டி. மற்றொன்று, அப்போது படைக்குப் புதிதாக வந்திருந்த 'ஹண்டர்' ஜெட் போர் விமானம். எங்கே தொடங்கினோம், எங்கே வந்திருக்கிறோம் என்பதை ஒரே பார்வையில் சொல்லும் படம்.

அந்தப் படத்தில் இல்லாத ஒரு விஷயமும் உண்டு. முதல் ஸ்குவாட்ரன் தொடங்கப்பட்ட டிரிக் ரோடு விமானத் தளம் இருப்பது கராச்சியில். 1947 பிரிவினையில் விமானங்கள், தளங்கள், ஆட்கள் என எல்லாமே இரண்டு நாடுகளுக்குப் பிரிக்கப்பட்டன. டிரிக் ரோடு பாகிஸ்தான் பக்கம் போனது. அஞ்சல் தலையில் விமானம் நம்முடையது. அது முதலில் எழும்பிய ஓடுதளம் இன்னொரு நாட்டில் இருக்கிறது.

1966: போர் முடிந்த கையோடு

1966 குடியரசு தினத்தன்று வெளியான 15 பைசா அஞ்சல் தலையில் முப்படையும் இருக்கிறது. ஒரு ராணுவ வீரர், ஐ.என்.எஸ். மைசூர் போர்க்கப்பல், கூடவே 'நாட்' ரகப் போர் விமானங்கள்.

1965 போருக்குப் பிறகான தாஷ்கண்ட் ஒப்பந்தம் ஜனவரி 10-ல் கையெழுத்தானது. மறுநாளே பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி காலமானார். அதிலிருந்து 15 நாளில் வந்த அஞ்சல் தலை இது. இங்கே ஆண்டுவிழாக் கணக்கெல்லாம் கிடையாது. நடந்து முடிந்த போரே காரணம்.

நாட் விமானம் பார்க்கச் சின்னது, கையாளச் சுலபமானது. பாகிஸ்தானின் 'சேபர்' விமானங்களை எதிர்கொண்ட விதத்தால் அதற்கு 'சேபர் ஸ்லேயர்', அதாவது சேபரை வீழ்த்துவது என்றே பட்டப்பெயர் வந்தது.

1982: உளவு விமானம் தபால் தலையில்

பொன்விழா அஞ்சல் தலை 1982 அக்டோபர் 8-ல் ஒரு ரூபாய் விலையில் வந்தது. இதிலும் பழைய வாபிட்டி உண்டு. ஆனால் ஹண்டர் இருந்த இடத்துக்கு மிக்-25 வந்துவிட்டது.

மிக்-25, சோவியத் யூனியனிடமிருந்து 1981-ல் விமானப்படைக்கு வந்த வேவு விமானம். ஒலியைவிட இரண்டரை மடங்குக்கும் மேலான வேகத்தில், 20 கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்தில் பறந்து படம் எடுக்கக்கூடியது. எதிரிக்குத் தெரியாமல் வேலை பார்க்க வேண்டிய விமானத்தை, ஊர் ஊராகப் போகும் கடிதத்தில் ஒட்டியது ஒரு வேடிக்கைதான். 'எங்களிடம் இது இருக்கிறது' என்று சொல்லிக்கொள்ளவும் அஞ்சல் தலை உதவும். இந்த விமானங்கள் 2006-ல் ஓய்வு பெற்றன.

2000: விமானத்துக்கு அல்ல, மனிதருக்கு

2000 ஜனவரி 28-ல் வீர விருது பெற்றவர்களுக்காக தலா 3 ரூபாய் விலையில் ஐந்து அஞ்சல் தலைகள் வெளியாகின. ராணுவத்தின் கரம் சிங், அப்துல் ஹமீது, ஆல்பர்ட் எக்கா, கடற்படையின் கேப்டன் எம்.என்.முல்லா ஆகியோருடன், விமானப்படையின் நிர்மல் ஜித் சிங் செக்கோனும் அதில் இடம்பெற்றார்.

1971 டிசம்பர் 14. ஸ்ரீநகர் விமானத் தளத்தை பாகிஸ்தானின் 6 சேபர் விமானங்கள் தாக்கின. ஓடுதளத்தில் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே செக்கோன் தன் நாட் விமானத்தில் மேலே கிளம்பினார். தனியாகவே சண்டையிட்டார். கடைசியில் அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மலைப்பகுதியில் சிதைவுகள் கிடைத்தன, பலமுறை தேடியும் உடல் கிடைக்கவில்லை.

நாட்டின் மிக உயரிய போர்க்கால விருதான பரம் வீர் சக்ரா அவருக்கு வழங்கப்பட்டது. விமானப்படையில் இந்த விருதைப் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். 1966-ல் நாட் விமானம் அஞ்சல் தலையில் வந்தது. அதை ஓட்டி உயிர் கொடுத்தவரின் முகம் வர 2000 வரை ஆனது.

தமிழ்நாட்டுக்கு என்ன தொடர்பு?

செக்கோன் பணியாற்றியது 18-வது ஸ்குவாட்ரனில். 'பறக்கும் தோட்டாக்கள்' என்பது அதன் பெயர். 2016-ல் பழைய விமானங்கள் ஓய்வு பெற்றதோடு செயல்பாட்டை நிறுத்திய அந்த ஸ்குவாட்ரன், 2020 மே 27-ல் உள்நாட்டுத் தயாரிப்பான தேஜஸ் விமானங்களுடன் மீண்டும் உயிர்பெற்றது. அது நடந்த இடம், கோவை அருகே உள்ள சூலூர் விமானப்படைத் தளம்.

எல்லாமே அஞ்சல் தலையா?

'ராணுவப் படைப்பிரிவுக்கு அஞ்சல் வெளியீடு' என்று செய்தி வந்தால், அது எப்போதும் அஞ்சல் தலையாகத்தான் இருக்கும் என்றில்லை. மூன்று வகை உண்டு.

நினைவு அஞ்சல் தலை: அஞ்சல் துறை நாடு முழுமைக்கும் வெளியிடுவது. ஆலோசனைக் குழு பரிந்துரைத்து, அரசு ஒப்புதல் தர வேண்டும். குறைந்த அளவில் ஒரே முறைதான் அச்சாகும், தீர்ந்தால் தீர்ந்ததுதான். கடிதத்தில் ஒட்டியும் அனுப்பலாம்.

சிறப்பு அஞ்சல் உறை: ஒரு நிகழ்ச்சிக்காக அச்சிடப்படும் உறை, கூடவே அன்றைய தேதியோடு ஒரு தனி முத்திரை. படைப்பிரிவுகளின் ஆண்டு விழாக்களுக்கு அதிகம் வருவது இதுதான். ராணுவத்துக்கென்றே தனி அஞ்சல் சேவை இருக்கிறது. அதன் உறைகளைத் தேடித்தேடிச் சேர்ப்பவர்கள் பலர்.

மை ஸ்டாம்ப்: பணம் கட்டினால் நம் படத்தோடு அச்சிட்டுத் தரும் திட்டம். இதை அரசு ஒருவரைக் கௌரவித்ததாக எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. உயிரோடு இருப்பவருக்குப் பொதுவாக அஞ்சல் தலை வெளியிடுவதில்லை. விதிவிலக்குகள் உண்டு. 1958-லேயே சமூக சீர்திருத்தவாதி டி.கே.கார்வேக்கு அவர் வாழும்போதே வெளியிட்டார்கள்.

எங்கே வாங்கலாம்?

புதிய வெளியீடுகள் பெரிய தலைமை அஞ்சலகங்களில் உள்ள அஞ்சல் தலை சேகரிப்பு மையங்களில் கிடைக்கும். சென்னையில் அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தில் இந்த மையம் இருக்கிறது. பழையவற்றைச் சேகரிப்பாளர்களிடமும் கண்காட்சிகளிலும்தான் தேட வேண்டும். வாங்கும்போது அதோடு வெளியான தகவல் தாளும் கிடைக்குமா என்று கேளுங்கள். எதற்காக வெளியிட்டார்கள், படத்தில் இருப்பது என்ன என்ற விவரம் அதில்தான் இருக்கும்.

அடுத்த கணக்கு எப்போது?

பவள விழா அஞ்சல் தலைகள் 2007 அக்டோபர் 8-ல் வெளியாகின. 1982-லிருந்து சரியாக 25 ஆண்டு. அதாவது பொன்விழாவிலிருந்து கணக்கு 1932-ஐ ஒட்டியே போகிறது. அப்படியானால் நூற்றாண்டு வருவது 2032-ல்.