வீட்டு வேலை ஜீன்கள்

குத்தாலம் என்றதும் அருவியை நினைத்துக்கொள்ளாதீர்கள். அது தென்காசிப் பக்கத்துக் குற்றாலம். எங்கள் குத்தாலம் மாயவரத்துக்கு மேற்கே, காவிரிக் கரையில் இருக்கிறது. போன மாதம் அங்கே கூடத்தில் தொங்கிய பூவன் தாரைச் சுற்றிச் சின்னஞ்சிறு ஈக்கள் மொய்த்தன. துடைப்பத்தோடு வந்த அத்தையிடம், "இந்த ஈக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது, அத்தை" என்றேன்.

"முதலில் என் வேலைக்கு ஒரு சரித்திரம் எழுதுடா" என்றாள்.

சரித்திரம் இருப்பது உண்மைதான். பெண் ஈக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு, ஆணுக்கு ஒன்றே. ஆனாலும் அந்தக் குரோமோசோம் தருகிற கண் நிறத்தில் ஆண் குறைந்துபோவதில்லை. இந்தச் சரிக்கட்டலை 1932-ல் விளக்கியவர் மல்லர் என்ற அமெரிக்கர். அது நடப்பதற்குக் கண்கண்ட சாட்சி கொண்டுவந்தவர் நம் வங்காளி ஏ. எஸ். முகர்ஜி. 1965-ல் பேர்மன் என்ற ஜெர்மானியருடன் சேர்ந்து, புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குக் கதிரியக்க யூரிடினை ஊட்டிப் பார்த்தார். ஆணின் ஒற்றை எக்ஸ், பெண்ணின் இரண்டுக்கும் ஈடாக ஆர்.என்.ஏ. செய்துகொண்டிருந்தது. இவர் பெயரை நான் ஐம்பது வயதுக்கு மேல்தான் கேள்விப்பட்டேன். வெட்கந்தான்.

ஜீன்கள் ஹிஸ்டோன் என்ற புரதக் கண்டுகளில் நூலாகச் சுற்றிக் கிடக்கின்றன. அங்கே அசிட்டைல் என்ற சிறு ஒட்டை வைத்துச் சுற்றைத் தளர்த்தும் நொதி ஒன்று 1997-ல் அகப்பட்டது. பெயர் மாஃப். எம்.எஸ்.எல். என்ற புரதக் கூட்டத்தில் சேர்ந்து ஆணின் எக்ஸை முடுக்கிவிடுவது அதன் வேலை. அது கெட்டால் ஆண் ஈக்கள் சாகும். ஆண்பிள்ளைக்கு உழைத்தால் பேருக்கு என்ன குறைச்சல்!

கராச்சியில் பிறந்து ஜெர்மனியில் ஆராய்ச்சி நடத்தும் ஆசிஃபா அக்தரின் குழு, 2006-ல் மாஃபை வேறொரு கூட்டத்திலும் கண்டது. இது என்.எஸ்.எல். ஆண், பெண் இரண்டிலும் உண்டு. அது யாருக்காக உழைக்கிறது என்பது 2012-ல் தெளிவாயிற்று: ஹவுஸ்கீப்பிங் ஜீன்கள், அதாவது வீட்டு வேலை ஜீன்கள். ஒவ்வொரு செல்லிலும் நாள் தவறாமல் புரதம் சமைப்பது, குப்பை கூட்டுவது போன்ற காரியங்கள் இவற்றினுடையவை. என்.எஸ்.எல். இவற்றின் வாசலில் உட்கார்ந்து, ஜீனைப் படியெடுக்கும் பாலிமரேஸை அழைத்து உட்கார வைக்கிறது. அதை நீக்கினால் பாலிமரேஸின் வருகையே குறைந்துவிடுகிறது.

மனிதரிலும் இந்தக் கூட்டம் உண்டு. அதற்குரிய ஜீன்களில் ஒன்றின் ஒரு பிரதி பழுதானால் குழந்தையின் பேச்சும் அறிவு வளர்ச்சியும் பின்தங்குகின்றன. அந்தக் காரணமும் 2012-லேயே பிடிபட்டது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அத்தை, "வீட்டு வேலை இருக்கிறதென்று தெரிய இத்தனை வருஷமா?" என்றாள். பிறகு தாரை இறக்கி, கனிந்த சீப்புகளை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.