எவருக்கு எவர் விடை கூறினார்? - கணினி அரட்டையின் அரை நூற்றாண்டு

கூடமொன்றில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் நமக்கு வேண்டிய குரலைக் காது பிரித்தெடுத்துக் கொள்கிறது. குரலின் தன்மையும் அது வரும் திசையும் பேசுபவரின் முகமும் அதற்குத் துணைபுரிகின்றன. எழுத்தினால் உரையாடும்போது இவை இல்லை. எல்லோருடைய சொற்களும் ஒரே திரையில் ஒரே எழுத்துருவில் வந்து விழுகின்றன. எவருக்கு எவர் விடை கூறினார் என்பதைக் காட்டும் வழி தேடியவர்களின் வரலாறு சுவையானது.

1973 ஆம் ஆண்டு அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில், பிளேட்டோ என்ற கணினி அமைப்பில், டக் பிரவுண், டேவிட் வூலி ஆகியோர் 'டோக்கோமற்றிக்' என்ற அரட்டைச் செயலியை உருவாக்கினர். அதில் ஆறு அலைவரிசைகள். ஒவ்வொன்றிலும் ஐவர் பேசலாம். திரை பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு ஆளுக்கொரு பகுதி ஒதுக்கப்பட்டது. யார் பேசுகிறார் என்பதில் குழப்பமில்லை. ஆனால் எது கேள்வி, எது அதற்கான விடை என்ற வரிசை தெரியாது. ஆறாவது ஆளுக்கு இடமும் இல்லை.

1988 ஓகஸ்டில் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்கரினென் உருவாக்கிய ஐ.ஆர்.சி. வேறு வழியில் சென்றது. ஒவ்வொரு வரியின் முன்னும் எழுதியவரின் பெயர். வரிகள் நேர வரிசையில். எத்தனை பேரும் சேர முடிந்தது. ஆயினும் மூன்று உரையாடல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கொண்டன. பயனாளர்கள் தாம் விளிப்பவரின் பெயரை வரியின் தொடக்கத்தில் எழுதிச் சமாளித்தனர். அவ்வழக்கத்தைப் பின்பற்றியே, தம் பெயர் வரும் வரியை நிறமிட்டுக் காட்டும் வசதி செயலிகளில் இடம்பெற்றது.

செய்தித்தாள் ஆசிரியபீடத்தில் பணியாற்றிய எனக்கு இச்சிக்கல் புதியதன்று. நிருபர்கள் தொலைபேசியில் தரும் தகவல்களை ஊர்வாரியாகத் தனித்தனித் தாள்களில் எழுதுவோம். இரண்டு ஊர்களின் செய்தி ஒரே தாளில் கலந்தால், இறந்தோரின் தொகை ஊர் மாறிவிடும்.

அதே முறையைத் திரைக்குக் கொண்டுவந்தனர் மைக்ரோசொப்ட் ஆய்வாளர்கள். 2000 ஆம் ஆண்டில் மார்க் ஸ்மித் குழுவினர் வெளியிட்ட 'இழை அரட்டை'யில் ஒவ்வொரு விடையும் தனக்குரிய கேள்வியின் கீழே கிளையாக அமைந்தது. வழமையான அரட்டைக்குச் சமமான பயனை அது தந்ததாகச் சோதனைகள் காட்டின. எனினும் புதிய வரி கிளைகளின் எந்த மூலையிலும் தோன்றக்கூடும்; கண் அதைத் தேடி அலைய வேண்டும். நேர வரிசையில் இத்தொல்லை இல்லை. புதியது எப்போதும் அடியில்தான் வரும்.

பின்வந்தவர்கள் இரண்டையும் கலந்தனர். அலுவலகங்களில் புகழ்பெற்ற ஸ்லாக், நேர வரிசையை வைத்துக்கொண்டே 2017 ஜனவரியில் கிளை உரையாடல்களைச் சேர்த்தது. வட்ஸ்அப்பில் முந்தைய செய்தியை மேற்கோளாகக் காட்டி விடையளிக்கும் வசதி உண்டு.

பல நாடுகளில் சிதறி வாழும் நம் குடும்பங்களின் குழுக்களில் இவ்வசதி சிறியதன்று. ஒருவர் மரணச் செய்தி இடுகிறார். மறுநிமிடம் இன்னொருவர் பிறந்தநாள் படம் இடுகிறார். அடுத்து வரும் 'மிக்க மகிழ்ச்சி' எதற்கு உரியது? செயலி வழியை மட்டுமே தருகிறது. எதற்கு விடை கூறுகிறோம் என்று சுட்டிக்காட்டும் பொறுப்பு இன்றும் எழுதுபவருடையதே.