கணிதப் பரீட்சையும் கணினியும்

கற்பித்தலின் முடிவில் நின்று மாணாக்கரை அளக்கும் கோலாகப் பரீட்சையைக் கருதுதல் பொது வழக்கு. ஆயினும் கற்பித்தலின் முன்னே நின்று அதன் வழியை வகுப்பதும் அதுவே. எது வினவப்படுமோ அதனையே மாணாக்கர் விரும்பிப் பயில்வர். எதற்குப் புள்ளி வழங்கப்படுமோ அதற்கே ஆசிரியரும் தம் காலத்திற் பெரும்பகுதியைச் செலவிடுவர். இவ்வுண்மை எல்லாப் பாடங்களுக்கும் பொதுவாயினும், விடை சரியோ பிழையோ என எளிதில் துணியத்தக்கதெனப் பலராலும் எண்ணப்படும் கணிதத்திற்கு மிகவும் பொருந்துவதாகும்.

இன்று பல்கலைக்கழகங்கள் பலவற்றிற் கணித மாணாக்கரின் பயிற்சிகளையும் பரீட்சைகளிற் சிலவற்றையும் இணையவழியே கணினி திருத்துகின்றது. இதனை அரும் பேறென்று போற்றுவாரும் பெருங் கேடென்று தூற்றுவாரும் உளர். கணிதத்தைப் பரீட்சிக்குங் கருவி மாறுவது இதுவே முதன்முறையன்று என்பதை இரு சாராரும் மறந்துவிடுகின்றனர். முன் நிகழ்ந்த மாற்றங்களை நோக்குவார்க்கு, கருவி மாறியபொழுதெல்லாம் வினாவும், வினா மாறியபொழுதெல்லாம் பயிலப்பட்ட கணிதமும் மாறி வந்தமை புலனாகும். அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாதத்திலிருந்து வினாத்தாளுக்கு

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற விரும்பிய மாணாக்கன் இலத்தீன் மொழியில் வாதம் புரிதல் வேண்டும். அவன் ஒரு கூற்றை எடுத்து நிறுவுவான். எதிர்வாதிகள் அதனைத் தருக்க முறையால் மறுப்பர். நடுவர் இருதிறத்தார் ஆற்றலையும் கேட்டு மதிப்பிடுவார். கணிதத்தில் முதல் வகுப்பிற் சித்தியெய்துவோரை அப்பல்கலைக்கழகம் ‘இராங்கிளர்’, அதாவது வாதம் புரிவோர், எனப் பெயரிட்டழைப்பது அப்பழைய வழக்கின் எச்சமாகும்.

நியூற்றன் வகுத்த கணிதமும் பௌதிகமும் பாடத்திட்டத்தில் ஓங்கவே வாய்மொழி முறை அதற்கு இடங்கொடாதாயிற்று. நீண்ட கணிப்பொன்றை நாவினாற் செய்து காட்டுதல் எளிதன்று. 1730 ஆம் ஆண்டிற் பயன்பாட்டுக்கு வந்த செனற் மண்டபத்திற் பரீட்சைகள் நடைபெறலாயின. அந்நூற்றாண்டு முடிவதற்குள் எழுத்து விடையே முதன்மை பெற்றது. ‘திரைப்பொஸ்’ எனப் பெயர்பெற்ற அப்பரீட்சையிற் சித்தியெய்தியோர் தகுதி வரிசைப்படி ஒருவர் பின் ஒருவராகப் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டனர். முதலிடம் பெற்றவனுக்கு நாடறிந்த புகழ் உண்டாயிற்று.

இம்மாற்றத்தின் நன்மைகள் பல. ஒரே வினாவுக்கு அனைவரும் விடையளிக்க, ஒருவரோடொருவரை ஒப்புநோக்கல் இயன்றது. வினாத்தாளே புதிய அறிவின் வாயிலாதலும் உண்டு. ‘ஸ்ரோக்ஸ் தேற்றம்’ என இன்று வழங்குவது 1854 ஆம் ஆண்டு சிமித் பரிசுப் பரீட்சையில் ஸ்ரோக்ஸ் அமைத்த வினாவாக வெளிவந்ததாகும். அப்பரீட்சைக்குத் தோற்றி ரௌத் என்பவரோடு பரிசைப் பகிர்ந்துகொண்ட இளைஞரே, பின்னர் மின்காந்தக் கொள்கையை நிறுவிய மக்ஸ்வெல் ஆவர்.

தீமையும் உடன் வந்தது. வரிசையில் முந்துதற்குத் தனிப்பட்ட பயிற்சியாசிரியரை நாடுதல் வழக்கமாயிற்று. மேற்கூறிய ரௌத் அவ்வாசிரியருள் தலைசிறந்தவராய் விளங்கினார். விரைவும் உத்திகளும் பயிலப்பட்டனவேயன்றி, ஐரோப்பாக் கண்டத்தில் வளர்ந்து வந்த நுண்ணிய பகுப்பியற் கணிதம் உரிய இடம் பெறவில்லை. வரிசை அறிவிப்பு 1909 ஆம் ஆண்டோடு ஒழிந்தது. அதன் பின்னரும், தாமே அப்பரீட்சையிற் சிறந்து தேறியவரான ஹார்டி, 1926 ஆம் ஆண்டிற் கணிதச் சங்கத்தின் தலைவராக நிகழ்த்திய பேருரையில் அப்பரீட்சையைத் திருத்துவதினும் அகற்றுவதே நன்றென வாதிட்டார். கருவியைத் தாங்குதற்கெனக் கணிதம் வளைக்கப்பட்டமையே அவர் மனக்குறையாகும்.

காணாத பரீட்சகர்

எழுத்து விடையினால் உண்டான மற்றொரு விளைவு இலங்கையோடு நேரிற் றொடர்புடையது. மாணாக்கனும் பரீட்சகரும் ஓரிடத்திலிருத்தல் வேண்டும் என்னும் நியதி நீங்கிற்று. 1836 இல் நிறுவப்பட்ட இலண்டன் பல்கலைக்கழகம் 1858 ஆம் ஆண்டின் சாசனத்தால், எங்குக் கற்றவரும் தன் பரீட்சைக்குத் தோற்றலாமென வழிவகுத்தது. கொழும்பில் 1921 ஆம் ஆண்டு தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை அப்பரீட்சைகளுக்கே மாணாக்கரை ஆயத்தஞ் செய்தது. கல்லூரி வாயிலை மிதியாமல், பகலிற் கற்பித்து இரவிற் கற்றுப் பட்டம் பெற்ற ஆசிரியர் பலர்க்கும் அதுவே வழியாயிற்று.

அப்பரீட்சார்த்தியை இலண்டன் பரீட்சகர் கண்டதில்லை. தாளில் உள்ளது மாத்திரமே அவர்க்குத் தெரியும். ஆயினும் இறுதி விடையில் ஓர் எண் பிழைத்திருப்பினும், முன்னுள்ள வரிகளை வாசித்து, முறையறிந்தவன் இவன் எனப் புள்ளியிட அவரால் இயன்றது. தொலைவிலிருந்து பரீட்சித்தலின் உயிர்நிலை இதுவே: மாணாக்கன் வந்த வழியைத் தாள் காட்டியது. இவ்வளவுகோலைக் கொண்டே பின் வந்த பொறிகளை மதிப்பிடுதல் வேண்டும்.

தெரிவு வினாவின் காலம்

மாணாக்கர் தொகை பெருகவே திருத்தும் உழைப்பைப் பொறியிடம் ஒப்படைக்கும் எண்ணம் எழுந்தது. அமெரிக்காவின் ஒகையோ அரச பல்கலைக்கழகத்தில் உளவியற் பேராசிரியராயிருந்த சிட்னி பிரெசி 1920 களில் ஒரு சிறு பொறியை அமைத்தார். அதன் சாளரத்தில் வினாவும் நான்கு விடைகளும் தோன்றும். மாணாக்கன் நான்கு விசைகளுள் ஒன்றை அழுத்துவான். பொறி சரியானவற்றை எண்ணும். மிச்சிகன் மாநிலத்துப் பாடசாலை ஆசிரியரான ரெனோல்ட் ஜோன்சன், பென்சிற் கரி மின்னைக் கடத்துமென்னும் உண்மையைப் பயன்படுத்தி விடைத்தாளைத் திருத்தும் வழியைக் கண்டார். அவரைப் பணிக்கு அமர்த்திய ஐ.பீ.எம். நிறுவனம் 1938 இல் அத்தகைய பொறியை வெளியிட்டது.

இப்பொறிகள் விரைவும் நடுநிலையும் உடையன. எனினும் அவற்றாற் கணிதம் அடைந்த இழப்பை ஓர் எடுத்துக்காட்டினால் உணரலாம். ஒரு சார்பைத் தொகையிடுமாறு வினவி, நான்கு விடைகளைத் தருவதாகக் கொள்வோம். தொகையீடு அறியாத மாணாக்கன் அந்நான்கையும் ஒவ்வொன்றாக வகையிட்டு, எது வினாவிலுள்ள சார்பைத் தருகின்றதெனக் கண்டு குறியிடுவான். வினா தொகையீட்டைக் கேட்டது, பரீட்சிக்கப்பட்டதோ வகையீடு. விடையைக் காணலும் காட்டப்பட்ட விடையை இனங்காணலும் வெவ்வேறு ஆற்றல்கள். இலண்டன் பரீட்சகர் வாசித்த இடைவரிகள் இங்கு முற்றாக மறைந்தன.

குறியீட்டை அறிந்த கணினி

தெரிவு வினாவை நீக்கி, மாணாக்கன் தானே எழுதிய கோவையைப் பொறி மதிப்பிடவேண்டுமாயின், பொறி முதலில் அட்சரகணிதம் அறிதல் வேண்டும். மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் ஜேம்ஸ் ஸ்லாகிள் 1961 இல் தம் கலாநிதிப் பட்ட ஆய்வுக்காகக் குறியீட்டு முறையில் தொகையிடும் கணினி நிரலொன்றை இயற்றினார். அதற்கு இடப்பட்ட 86 கணக்குகளுள் 54, அக்கழகத்து முதலாண்டு மாணாக்கரின் நுண்கணிதப் பரீட்சைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. இரண்டொழிய ஏனைய யாவற்றையும் அது செய்து முடித்தது. பரீட்சகனாவதற்கு முன்னர்க் கணினி பரீட்சார்த்தியாயிருந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அதே கழகத்தில் 1968 இல் ‘மக்சிமா’வின் முன்னோடியான ‘மக்சிமா’க் குடும்பத்து முதல் அட்சரகணிதத் தொகுதியாகிய ‘மாக்சைமா’வின் ஆக்கம் தொடங்கிற்று. அதன் ஒரு வடிவத்தைப் பேணிவந்த வில்லியம் ஷெல்ற்றர், எவரும் பயன்படுத்தத்தக்க கட்டற்ற மென்பொருளாக அதனை வெளியிட 1998 இல் அனுமதி பெற்றார். ‘மக்சிமா’ என வழங்கும் அதுவே பின்னர்ப் பரீட்சைத் தொகுதிகட்கு அடித்தளமாயிற்று.

இதற்கிடையே 1990 களின் நடுப்பகுதியில் றொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கேஜ், ஆர்னல்ட் பைசர் ஆகிய இருவரும் ‘வெப்வேர்க்’ என்னுந் தொகுதியை இணையத்தில் அமைத்தனர். ஒரே வினா ஒவ்வொரு மாணாக்கனுக்கும் வெவ்வேறு எண்களோடு தோன்றுமாதலின் அயலான் விடையைப் பார்த்தெழுதுதல் பயனற்றதாயிற்று. முறையைக் கேட்டறிதலே பயன் தந்தது. 2004 இற் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்திற் கிறிஸ் சாங்வின் ‘ஸ்டாக்’ என்னுந் தொகுதியைத் தொடங்கினார். அது மக்சிமாவைக் கொண்டு இயங்குவது. 2011 இல் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ‘நம்பாஸ்’ தோன்றியது.

இவற்றின் சிறப்பு யாது? ‘ய என்னும் மாறியில், ய = 1 ஆகுமிடத்துப் பெறுதி பூச்சியமாகும் முப்படிப் பல்லுறுப்பி ஒன்று தருக’ என்னும் வினாவை நோக்குக. இதற்குச் சரியான விடைகள் எண்ணிறந்தன. தெரிவு வினாப் பொறிக்கு இது எட்டாதது. நூறு தாள்களிலுள்ள நூறு பல்லுறுப்பிகளையும் கையால் வகையிட்டுத் திருத்தும் ஆசிரியர்க்கோ பெருஞ் சுமை. கணினி மாணாக்கனின் விடையைத் தானே வகையிட்டு, படி மூன்றா எனவும் பெறுதி பூச்சியமா எனவும் நொடியிற் சோதிக்கும். மாணாக்கனே ஓர் உதாரணத்தை ஆக்குதல் கணிதச் சிந்தனையின் உயர்ந்த பயிற்சி. அதனைப் பேரெண்ணிக்கையான மாணாக்கர்க்கு அளிக்க வழி திறந்தது இக்கருவியே.

பிழைக்கேற்ற மறுமொழியும் உண்டு. (ய + 2) என்பதன் வர்க்கத்தை ய² + 4 என எழுதுதல் ஆசிரியர் யாவரும் கண்ட பிழை. அதனை முன்னறிந்து, நடு உறுப்பு எங்கே எனக் கேட்குமாறு ஆசிரியர் அமைத்து வைத்தால், கணினி நள்ளிரவிலும் அவ்வாறே கேட்கும். அமைத்து வையாவிடின், பிழை என்பதோடு நின்றுவிடும். ஆகவே கணினியின் திருத்தத்தில் உள்ள நுண்மை, வினாவை ஆக்கிய ஆசிரியரின் அனுபவமேயாம்.

கருவியின் எல்லைகள்

இரு கோவைகள் சமமா என அறிதல் இக்கருவிகளின் அடிப்படை வேலை. பல்லுறுப்பிகளில் இது எளிது. ஆனால் அடுக்குக்குறிச் சார்பு, சைன், தனிப்பெறுமானம் முதலியன கலந்த கோவைகளில், எல்லாச் சந்தர்ப்பங்களிலும் சமத்துவத்தைத் துணியும் பொதுமுறை இருத்தல் இயலாதென டானியல் ரிச்சட்சன் 1968 இல் நிறுவினார். வகுப்பறை வினாக்களில் இவ்விடர் அரிதாயினும், பொறி தவறாதென்னும் நம்பிக்கைக்குக் கணிதமே வரம்பிட்டிருத்தல் அறியத்தக்கது. மேலும், சமத்துவம் மாத்திரம் போதாது. ‘காரணிப்படுத்துக’ என்ற வினாவுக்கு, வினாவிலுள்ள கோவையையே திருப்பி எழுதினாலும் அது சமமானதே. விடையின் வடிவத்தையும் சோதிக்குமாறு ஆசிரியர் பணித்தல் வேண்டும்.

நிறுவலே பெரிய இடர்ப்பாடு. டி புறூயின் 1967 இல் ஐந்தோவனில் தொடங்கிய ‘ஓட்டோமத்’ முதலாக, 2013 இல் எழுந்த ‘லீன்’ வரையில், நிறுவலை வரிக்கு வரி சோதிக்குங் கணினி மொழிகள் வளர்ந்துள்ளன. ‘லீன்’ மொழியில் இயற்கை எண்களின் பண்புகளை மாணாக்கர் விளையாட்டாக நிறுவிப் பயிலுமாறு 2019 இல் ஒரு பயிற்சியும் அமைக்கப்பட்டது. ஆயினும் பொறியின் மொழியில் எழுதுதலும், வாசிப்பவர் உளங்கொள்ளத் தமிழிலோ ஆங்கிலத்திலோ நிறுவலை விளக்குதலும் ஒன்றல்ல.

2020 ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் பரீட்சைகளை வீட்டிற்கு அனுப்பின, மேற்பார்வையாளர் இல்லாதொழிந்தார். 2022 இன் இறுதியிற் ‘சற் ஜீபீரீ’ வெளிவந்தபின், வினாவைக் கொடுத்தால் விடையோடு இடைவரிகளையும் எழுதித்தரும் பொறி எல்லார் கைக்கும் எட்டியது. தாள் காட்டிய வழி மாணாக்கன் வந்த வழிதானா என்னும் ஐயம் இப்பொழுது எழுகின்றது. இலண்டன் பரீட்சகர் நம்பியிருந்த அடிப்படையே இங்ஙனம் அசைந்துவிட்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இரு கருத்துகள் பெறப்படும். முதலாவது, பயிற்சிக்கும் பரீட்சைக்கும் உள்ள வேறுபாட்டைக் கைவிடலாகாது. பயிற்சியில் உடனுக்குடன் பிழையைச் சுட்டி, எத்தனை முறையாயினும் சலியாது புதிய எண்களோடு வினவுங் கருவி மாணாக்கனுக்கு உற்ற துணை. அதில் ஏமாற்றுபவன் தன்னையே ஏமாற்றுகின்றான். பட்டத்தை முடிவு செய்யும் பரீட்சைக்கோ மேற்பார்வையுள்ள மண்டபமும், ஆசிரியர் வாசிக்கும் விடைத்தாளும் இன்னும் வேண்டும். நிறுவலொன்றைக் கரும்பலகையின் முன் நின்று விளக்குமாறு மாணாக்கனைக் கேட்டலும் வேண்டும். கேம்பிறிட்ஜின் பழைய வாதமன்றிலிருந்து இலத்தீனை நீக்கி எடுத்துக்கொள்ளத்தக்கது அவ்வழக்கம்.

இரண்டாவது, எளிதிற் திருத்தத்தக்கது எது என நோக்கி வினா அமைத்தல் பெருந் தவறு. திரைப்பொஸ் காலத்தில் விரைவுக்கும், தெரிவு வினாக் காலத்தில் இனங்காணலுக்கும் கணிதம் தன்னைச் சுருக்கிக்கொண்டது. முதலிற் கற்பிக்கத்தக்கது எது எனத் துணிந்து, பின்னரே அதனைச் சோதிக்குங் கருவியைத் தேர்தல் முறையாகும். திருத்துஞ் சுமையைக் கணினி ஏற்பதால் ஆசிரியர்க்கு மிஞ்சும் நேரம், நல்ல வினாக்களை ஆக்குதற்கும், விளங்காது நிற்கும் மாணாக்கனை அழைத்து அருகிருத்திப் பேசுதற்கும் செலவிடப்படுமாயின், இக்கருவியாற் கணிதக் கல்வி நலம்பெறும் என்பது ஒருதலை.