பாராசாரி இறங்கிய ஆறு

பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி 1750இல் ஒரே ராத்திரியில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்த கதை இந்த வாரம் வரும் என்று சென்ற இதழில் சொல்லப்பட்டிருந்தது. வரும். ஆனால் கோட்டைக்குள் நுழைவதற்கு முன், வடக்கே சிங்கவரம் வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வருவது நல்லது. கோட்டையைக் கட்டியவர் யார், இழந்தவர் யார் என்பதெல்லாம் ஏடுகளில் இருக்கிறது. ஊர் அந்தக் கோட்டையை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பது சிங்கவரத்துப் பெருமாளின் கழுத்தில் இருக்கிறது.

செஞ்சியிலிருந்து சிங்கவரம் நாலு கிலோமீட்டர்தான். வெயில் ஏறுமுன் கிளம்பினால் மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவே சுகமாக நடந்துவிடலாம். கொல்லை முடிகிற இடத்தில் மலை தொடங்கிவிடும். மலை என்றதும் ஊட்டி, கொடைக்கானலை நினைத்துக்கொள்ள வேண்டாம். யானை யானையாக உருண்டைப் பாறைகளைக் கொண்டுவந்து குவித்ததுபோல் இருக்கும். இன்றைக்கு விழுமோ நாளைக்கு விழுமோ என்று கீழே நிற்பவருக்குத் தோன்றும். நூற்றாண்டுகளாக அப்படியே தொற்றிக்கொண்டு நிற்கின்றன. இடுக்கில் ஒரு கை மண் இருந்தால் போதும், காரையும் சூரையும் கள்ளியும் சீத்தாவும் வேர்விட்டுவிடும். ஆட்டுக்கும் அதன் பின்னால் போகிறவனுக்கும் மட்டும் வழிவிடுகிற காடு.

இந்த முள்ளும் பாறையும்தான் செஞ்சியின் முதல் மதில். பின்னால் வந்த கோன்களும் நாயக்கர்களும் பீஜப்பூர்க்காரர்களும் மராட்டியரும் செய்ததெல்லாம், மலை விட்டுவைத்த இடைவெளிகளைக் கல்வைத்து அடைத்ததுதான். ஆடு மேய்த்த ஆனந்தக் கோனுக்குப் புதையல் கிடைத்த கதையும், 1677இல் சிவாஜி வந்து மதில்களைத் திருத்திக் கட்டிய விவரமும் இத்தொடரைப் படித்து வருபவர்களுக்குப் பழையவை. மறுபடி சொல்ல இடமில்லை.

சிங்கவரத்தில் படியேறிப் போனால் பல்லவர் காலத்துக் குடைவரை. உள்ளே அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். உற்றுப் பார்த்தால் தலை சற்றே அந்தப் பக்கம் திரும்பியிருப்பது தெரியும். சிற்பி ஏன் அப்படிச் செதுக்கினான் என்பதற்குக் கலை வரலாற்றுக்காரர்கள் ஒரு விளக்கம் வைத்திருக்கலாம். ஊராருக்கு அது தேவைப்படவில்லை. தேசிங்குராஜன் சண்டைக்குப் புறப்படும் முன் இங்கே வந்து உத்தரவு கேட்டானாம். ‘இன்றைக்குப் போகாதே’ என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அவன் கேட்கவில்லை. பெருமாளும் இன்றுவரை திரும்பவில்லை.

குடைவரைக்கும் தேசிங்குக்கும் நடுவே ஆயிரம் ஆண்டு இடைவெளி. கதைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இதே வட்டாரத்தில்தான் திருநாதர்குன்று இருக்கிறது. பாறை முகத்தில் 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்லும் பழங்கல்வெட்டும் அங்கேயே. 57 நாள்! அப்படி ஒரு மனிதர் இருந்த குன்றுக்கு வழி கேட்டாலும், வழி சொல்பவர் தேசிங்கின் பெயரை நடுவில் இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். 2025 ஜூலையில் ‘மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது செஞ்சி மட்டும். பட்டியல் மராட்டியர் கோட்டை என்கிறது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தேசிங்குராஜா கோட்டை என்கிறார். மராட்டியர் ஆண்டது 20 வருடத்துக்கு மேல். தேசிங்கு ஆண்டது பத்து மாதம்.

யார் இந்தப் பத்து மாத ராஜா?

எட்டு வருட முற்றுகைக்குப் பின் 1698இல் செஞ்சி மொகலாயர் கைக்குப் போயிற்று. உள்ளே இருந்த மராட்டிய அரசர் ராஜாராம் தப்பிய பிறகு கோட்டையைக் காக்க 1700இல் ஔரங்கசீப் அமர்த்திய கில்லேதார், அதாவது கோட்டைத் தலைவர், ஸ்வரூப் சிங், புந்தேல்கண்டுக்காரர். 1714இல் அவர் இறந்தபோது ஆற்காட்டுக்குக் கட்ட வேண்டிய பணம் ஆண்டுக்கணக்கில் நிலுவை. மகன் தேஜ் சிங் வடக்கேயிருந்து வந்து, யாரையும் கேட்காமல் அப்பாவின் இடத்தில் உட்கார்ந்துகொண்டான். வயது 22 என்பார்கள். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கேட்டவை இரண்டு: பாக்கியைக் கட்டு, தில்லியில் இப்போதிருக்கும் பாதுஷாவிடம் புது ஃபர்மான் (அரசாணை) வாங்கி வா. தேஜ் சிங் எடுத்து நீட்டியது அப்பாவுக்கு ஔரங்கசீப் கொடுத்த பழைய ஃபர்மான். நம்மூர்த் தாலுகா அலுவலகங்களில் இன்றும் நடக்கிற வாக்குவாதம்தான் இது. பட்டா அப்பா பேரில் இருக்கிறது, பேர் மாற்றவில்லை, வரியும் கட்டவில்லை, ஆனால் நிலம் என்னுடையது.

வரலாற்றுக்குத் தெரிந்தது இவ்வளவு. இதிலிருந்து தமிழ்ப் பாட்டுக்காரர்கள் கட்டியதுதான் அதிசயம். தேஜ் சிங் அவர்கள் வாயில் தேசிங்கு ஆனான். நவாபிடமிருந்து தூது வந்த தோடர்மல், தோன்றமல்லன் ஆனார். தில்லியில் யாருக்கும் அடங்காத முரட்டுக் குதிரை ஒன்றை இளம் தேசிங்கு ஏறி அடக்கினான், அதுதான் பாராசாரி. நண்பன் மகமத்கானுக்கு ஒரு குதிரை, நீலவேணி. தேசிங்குராஜன் கதை புகழேந்திப் புலவர் பெயரில் பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சாகித் திருவிழாக் கடைகளில் விற்றது. அசல் புகழேந்தி தேசிங்குக்குப் பல நூறு ஆண்டு முந்தியவர் என்பது விற்பனையைப் பாதிக்கவில்லை. 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘ராஜா தேசிங்கு’ வந்தது. தமிழ் தாய்மொழியாக இல்லாத ஒரு ராஜபுத்திரப் பையனைத் தமிழ்க் கிராமம் இப்படித் தன் வீட்டுப் பிள்ளையாக எடுத்துக்கொண்டது. இதே கோட்டைக்குள் கல்யாண மகாலும் களஞ்சியமும் வெங்கடரமணர் கோயிலும் கட்டி, ஊரை ஐரோப்பியப் பாதிரிமார் வியக்கும் நகரமாக்கிய நாயக்கர்களில் ஒருவருக்காவது இந்தப் புகழில் பத்தில் ஒரு பங்கு கிடைத்ததா? கட்டியவனைவிடச் செத்தவன்தான் பாட்டுக்கு வசதி.

சண்டை நடந்த நாள் 1714 அக்டோபர் 3. நவாபின் படை தேவனூர்ப் பக்கம் இறங்கி ஊர்களைச் சூறையாடுகிறது என்ற செய்தி வருகிறது. இந்த இடத்தில் எந்தக் கில்லேதாரும் செய்யக்கூடியது ஒன்றுதான்: கதவைச் சாத்திக்கொள்வது. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கானை எட்டு வருடம் வெளியே உட்காரவைத்த மதில்கள் அவை. களஞ்சியம் உண்டு, சுனை உண்டு, மழையும் வருகிறது. தேசிங்கு கதவைத் திறந்தான். சில நூறு குதிரைகளோடு பல்லாயிரம் பேர் கொண்ட படையை நோக்கிக் கிளம்பினான்.

அப்போது மகமத்கான் வழுதாவூரில் மணமேடையில் இருந்தான் என்கிறது பாட்டு. ஓலை கிடைத்ததும் மாலையோடு எழுந்து நீலவேணியில் ஏறிவிட்டான். தேசிங்கும் மனைவியிடம் விடைபெறப் போகிறான். அதுவரை திரைக்குப் பின்னால் இருந்தவளை அன்றைக்குத்தான் முகம் பார்க்கிறான். இந்த இடம் வரும்போது கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். துடைத்துக்கொள்ள வேண்டிய இடம்தான்.

ஆற்றில் வெள்ளம். பாட்டில் அது வராக நதி, வரைபடத்தில் சங்கராபரணி, ஊரார் பேச்சில் செஞ்சியாறு. கோடையில் அதைக் கடக்கிறவருக்குச் செருப்பில் மணல் ஏறுவதைத் தவிர வேறு தொல்லை இருக்காது. அன்றைக்கு அது இரு கரை தொட்டு ஓடியது. வெள்ளம் வடியும்வரை நிற்கலாம் என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். பாராசாரி இறங்கிவிட்டது. பின்னால் வந்தவர்களில் எல்லோரும் அக்கரை சேரவில்லை.

மகமத்கான் முதலில் விழுந்தான். அதன் பிறகு தேசிங்கு கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை. எதிரிப் படையின் நடுவரை புகுந்து வெட்டியவனை ஒரு துப்பாக்கிக் குண்டு சாய்த்தது என்கிறது வரலாறு. பாட்டுக்காரனுக்கு அந்தக் குண்டு பிடிக்கவில்லை. எவனோ பேர் தெரியாத சிப்பாயின் கையால் தேசிங்கு சாகலாமா? ஆகவே அவன் களத்திலேயே மல்லாந்து படுத்து, தன் வாளை வானத்தில் எறிந்து, அது திரும்பி விழும்போது மார்பில் வாங்கிக்கொள்கிறான். நடந்தது எது என்பதில் சந்தேகமில்லை. எது நினைவில் நிற்கிறது என்பதிலும் சந்தேகமில்லை.

சண்டை நடந்த கடலி, செஞ்சிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மகமத்கானின் கல்லறையையும், குதிரையைப் புதைத்த இடம் என்று ஒரு மேட்டையும் அந்தப் பக்கத்தில் காட்டுகிறார்கள். இந்து ராஜாவுக்காக முஸ்லிம் நண்பன் உயிர்விட்டான். எதிரே நின்ற நவாபும் முஸ்லிம். பாட்டுக்காரன் இதை மதச் சண்டையாக ஓரிடத்திலும் திருப்பவில்லை. அந்த நிதானம் பின்னால் வந்த பல வரலாற்று ஆசிரியர்களுக்கு இல்லை.

சாதத்துல்லா கானை வில்லனாக்குவதும் நியாயமில்லை. அவர் வரி வசூலிக்க வேண்டியவர், வசூலிக்கப் பார்த்தார். விழுந்தவனின் உடலை மரியாதையோடு செஞ்சிக்குக் கொண்டுவரச் செய்தார். செட்டிகுளக் கரையில் சிதை மூட்டினார்கள். மனைவி உடன்கட்டை ஏறினாள். அந்தப் பெண்ணின் நினைவாகவே நவாப் ஆற்காட்டுக்கு எதிரே ராணிப்பேட்டையை எழுப்பினார் என்பது மரபு. தேசிங்கு பெரிய வீரன், மோசமான தளபதி என்பதுதான் இத்தொடரின் தீர்ப்பு. ஆட்சேபிக்கிற வாசகர்கள் செட்டிகுளக் கரை மேடையில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கடிதம் எழுதலாம்.

செட்டிகுளத்திலிருந்து ராஜகிரி ஏற்றம் தொலைவில்லை. திருவண்ணாமலைச் சாலைக்கு வடக்கே கிருஷ்ணகிரி, தெற்கே சந்திராயன் துர்க்கம், மேற்கே ராஜகிரி. மூன்று மலைகளையும் ஒரு மதில் கோத்து நிற்கிறது. ராஜகிரி உச்சி சுமார் 800 அடி. படிகள் உண்டு, படியை ஆள்வது குரங்குகள். கையில் தின்பண்டம் வைத்திருப்பவர் கமலக்கண்ணியம்மன் கோயில் தாண்டுவதற்குள் அதைப் பறிகொடுத்துவிடுவார். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மலை இரண்டாகப் பிளந்திருக்கிறது. 24 அடி அகலம், 60 அடி ஆழம். குறுக்கே ஒரு சிறு பாலம். பழைய நாளில் மரப்பாலத்தை இழுத்துவிட்டு நாலைந்து பேர் நின்றால் போதும், கீழே எவ்வளவு பெரிய படை இருந்தாலும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்தப் பாலத்தில் நின்று கீழே பார்க்கிறவருக்குத் தேசிங்கு மேல் கோபமே வரும். இதை விட்டுவிட்டா வெள்ளத்தில் இறங்கினாய்?

மேலிருந்து கல்யாண மகாலின் அடுக்குக் கோபுரம் பொம்மைபோல் தெரிகிறது. கோட்டைக்குள் சாதத்துல்லா கானின் மசூதி, 1717–18இல் கட்டியது. செஞ்சி வெற்றியின் நினைவு. உண்மையில் செஞ்சிக்கு அதுதான் கடைசி மரியாதை. 1714க்குப் பிறகு இங்கே ராஜா என்று யாரும் உட்காரவில்லை. அதிகாரம் முழுவதும் ஆற்காட்டுக்குப் போயிற்று. நாயக்கர் தலைநகரம், மராட்டியப் பேரரசின் கடைசிப் புகலிடம், இப்போது நவாபுக்கு இன்னொரு காவல் நிலையம். கல் அப்படியே இருந்தது. அதற்காக உயிரைக் கொடுக்கிறவர்கள்தான் இல்லை.

ஆகவே 36 வருடம் கழித்து புஸ்ஸி வந்தபோது நடந்ததைச் சொல்ல அதிக இடம் தேவைப்படாது. ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்டுத் திருவதிகையில் பிரெஞ்சுக்காரர்களிடம் தோற்ற முகம்மது அலியின் படைகள் செஞ்சிக்குள் ஒதுங்கியிருந்தன. 1750 செப்டம்பர் 11 அன்று பிரெஞ்சு முன்னணிப் படையோடு புஸ்ஸி வந்து சேர்ந்தார். உள்ளே இருந்தவர்கள், தேசிங்கு செய்த அதே தவறைத் தேசிங்கின் துணிச்சல் இல்லாமல் செய்தார்கள்: கோட்டையை விட்டு வெளியே வந்து சமவெளியில் மோதினார்கள். அடி தாங்காமல் திரும்பி ஓடியபோது பிரெஞ்சுக்காரர்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். வெடிவைத்து வாசல் கதவு தகர்ந்தது. தெருக்களில் இரவெல்லாம் சண்டை. பிறகு மூன்று மலைகளின் மேலும் ஒரே நேரத்தில் ஏறினார்கள். எட்டு வருடம் தாக்குப்பிடித்த கோட்டை பொழுது விடிவதற்குள் முடிந்தது.

விடிந்த பிறகு, தாங்கள் இருட்டில் ஏறிவந்த பாறைகளைப் பிரெஞ்சுக்காரர்களே வெளிச்சத்தில் பார்த்துத் திகைத்துப்போனார்கள் என்று ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதியிருக்கிறார். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கு இந்தச் செய்தி என்னவாகப் போய்ச் சேர்ந்தது, அங்கே அவருடைய துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்போடு என்ன செய்துகொண்டிருந்தார், செஞ்சிக் கோயில் தூண்கள் கடற்கரைக்குப் போய் இன்று காந்தி சிலையைச் சுற்றி நிற்பது எப்படி என்பதெல்லாம் அடுத்த இதழில். அதற்குள் யாரும் குதிரையில் குறுக்கே வராமல் இருக்க வேண்டும்.

(தொடரும்)