சூறாவளியின் பலம் காற்றில் மட்டும் இல்லை

ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் தொடக்கம் டிசெம்பர் வரையான மாதங்களில், வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகியிருப்பதாகச் செய்தி வந்ததும் எமது மக்கள் முதலில் வினவுவது காற்றின் வேகத்தையே. இதற்குக் காரணம் உண்டு. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி தென்னந்தோட்டங்களையும் வீட்டுக் கூரைகளையும் வாரிச் சென்றது. 900இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே அனுபவித்த அந்தப் பேரிழப்பு, சூறாவளி என்றால் காற்று என்ற எண்ணத்தை ஆழப் பதித்துவிட்டது.

ஆனால் 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைக் கடந்த ‘டித்வா’ சூறாவளியின் காற்று, 1978ஆம் ஆண்டின் காற்றோடு ஒப்பிடத்தக்கதன்று. அவ்வாறிருந்தும் 600இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடலோரத்தை விட, கண்டி, பதுளை, நுவரெலியா போன்ற மலைசார்ந்த மாவட்டங்களே உயிர்களை அதிகம் பறிகொடுத்தன. வேகம் குறைந்த காற்று இவ்வளவு பெரிய அழிவைக் கொண்டுவந்தது எவ்வாறு? விடை காண, சூறாவளியை இயக்கும் வெப்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.

வெப்பம் மூன்று வழிகளில் இடம்பெயர்கிறது. சூரியனிலிருந்து அது கதிர்வீசலாக வெற்றிடத்தைக் கடந்து வருகிறது. சுடுமணலில் வைத்த பாதத்துக்கு அது கடத்தலால் ஏறுகிறது. சூடான வளி மேலெழ, குளிர்ந்த வளி அவ்விடத்தை நிரப்புவது மேற்காவுகை. பகலில் தரை விரைவாகச் சூடேற, கடலிலிருந்து காற்று வீசுகிறது. இரவில் தரை விரைவாகக் குளிர, காற்றின் திசை மாறுகிறது. பாய்மரத்தில் தொழிலுக்குச் சென்ற எமது மீனவ முன்னோர் இந்த விதியை நம்பியே கடலுக்குப் புறப்பட்டு, கரை திரும்பினர்.

இவற்றோடு நீருக்கே உரிய இன்னொரு தன்மையும் சேர்கிறது. ஒரு கிலோகிராம் நீரை 0 பாகை செல்சியஸிலிருந்து 100 பாகை வரை சூடாக்கத் தேவையான வெப்பத்தைப் போல் ஐந்து மடங்குக்கும் அதிகமான வெப்பம், அதே நீரை ஆவியாக்கத் தேவை. மண்பானை நீர் குளிர்வதும் இதனாலேயே. பானையின் மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அவ்வெப்பம் அழிவதில்லை. நீராவியினுள் மறைவெப்பமாகத் தங்கியிருந்து, ஆவி மீண்டும் நீர்த்துளியாக ஒடுங்கும்போது வெளிவருகிறது.

சூறாவளியின் எரிபொருள் இந்த மறைவெப்பமே. கடல் மேற்பரப்பின் வெப்பநிலை ஏறத்தாழ 26.5 பாகைக்கு மேலாகவும், அந்தச் சூடு சுமார் 50 மீற்றர் ஆழம் வரையிலும் இருக்கும்போது பெருமளவு நீராவி எழுகிறது. மேலே அது முகிலாக ஒடுங்கி வெப்பத்தை வெளிவிட, வளி மேலும் சூடேறி மேலும் உயர்கிறது. கீழே அமுக்கம் குறைய, சுற்றிலுமுள்ள ஈரவளி அங்கு விரைகிறது. பூமியின் சுழற்சி அந்த வளியைத் திசைதிருப்ப, வட அரைக்கோளத்தில் அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. புவிமத்திய ரேகைக்கு மிக அருகில் இத்திருப்பம் வலுவற்றது என்பதால், அங்கு சூறாவளிகள் உருவாவது அரிது. தரையேறியதும் கடலின் ஆவி குறைந்து காற்று தளர்கிறது.

காற்று தளரலாம், முகில் சுமந்துவந்த நீர் உடனே தீர்ந்துவிடுவதில்லை. காற்றின் வேகம் அமுக்க வேறுபாட்டைப் பொறுத்தது. ஓரிடத்தில் பெய்யும் மழையோ வளியிலுள்ள ஈரத்தையும், தொகுதி நகரும் வேகத்தையும், நிலத்தின் அமைப்பையும் பொறுத்தது. மெல்ல நகரும் தாழமுக்கம் ஒரே இடத்தில் நெடுநேரம் மழையைக் கொட்டும். ஈரக்காற்று மலைச்சாரலில் மோதி மேலேறும்போது குளிர்ந்து, மழை இன்னும் பெருகும். 2008 நவம்பரில் ‘நிஷா’ யாழ். குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்தியதையும், 2025இல் மலையகச் சரிவுகள் பெயர்ந்ததையும் இந்த விதிகளைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

ஒரு சதுர கிலோமீற்றர் நிலத்தில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால், அதன் நிறை ஓர் இலட்சம் தொன். அந்த நீர் மண்ணை நனைத்துப் பிடிப்பை இளக்கி, சரிவைக் கீழே தள்ளும். எஞ்சியது ஆற்றில் சேரும். மத்திய மலைநாட்டிலிருந்து வரும் மகாவலி கங்கை மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. எனவே, மூதூரில் வானம் வெளுத்திருக்கும் வேளையிலும் மலைநாட்டு மழை அங்கு வெள்ளமாக வந்து சேரக்கூடும். களனி கங்கைக் கரையில் வாழும் கொழும்பு மக்களுக்கும் இது பொருந்தும்.

நாம் வழக்கமாகக் கேட்கும் தரப்படுத்தலோ காற்றை மட்டுமே அளக்கிறது. வட இந்து சமுத்திரத்தில் மணிக்கு 62 கிலோமீற்றர் வேகத்தை எட்டும்போதே ஒரு தொகுதிக்குச் சூறாவளி என்ற நிலையும் பெயரும் கிடைக்கின்றன. பெயர் பெறாத தாழமுக்கமும் ஒரு கிராமத்தை மூழ்கடிக்கலாம் என்பதை அந்த அளவுகோல் சொல்வதில்லை.

ஆகவே, எச்சரிக்கையைக் கேட்கும்போது நான்கு வினாக்களை எழுப்பப் பழக வேண்டும். காற்றின் வேகம் என்ன? தொகுதி எவ்வளவு விரைவாக நகர்கிறது? எவ்வளவு மழை எதிர்பார்க்கப்படுகிறது? எமது ஆறு ஊற்றெடுக்கும் மலையில் என்ன நடக்கிறது? இவற்றுக்கான விடைகள் வளிமண்டலவியல் திணைக்களம், நீர்ப்பாசனத் திணைக்களம், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எனப் பல இடங்களிலிருந்து வருகின்றன. அவற்றை ஒன்றுசேர்த்து, ஒரே வேளையில் தமிழிலும் சிங்களத்திலும், லயன் அறையில் வாழ்பவருக்கும் விளங்கும் சொற்களில் வழங்குவது அரசின் கடமை. காற்று ஓய்ந்ததும் ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ணி, ஆற்றங்கரைக்கும் மலைச்சரிவுக்கும் அவசரப்பட்டுத் திரும்பாதிருப்பது எமது கடமை.