கேட்ட வினாவும் கேளாத வினாவும்

வினைக்கு ஆள் தேர்வோர் அவனை ஆராய்ந்து கொள்ளுதல் நம் நூல்களுக்குப் புதியதன்று. திருக்குறட் பொருட்பாலில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கு வகையாலும் ஒருவனைச் சோதித்தறியும் முறையைப் பரிமேலழகர் விரித்துரைப்பர். இவை அரசன் தன் வினையாளரைத் தேரும் முறையேயாம். எனினும் தேர்ந்தவனுக்குரிய கடமையும் அங்கே உடன் கூறப்பட்டிருத்தல் நோக்கத்தக்கது. ஆராய்ந்து தெளிந்தபின் அவன்மாட்டு ஐயுறுதல் தீது என்பதும், வினையை அவன்கண் விட்டொழிதல் வேண்டும் என்பதும் அவ்வதிகாரங்களின் துணிபு.

இக்கடமை அடியோடு மறக்கப்பட்டு, ஆராய்ச்சி மட்டும் எஞ்சி நின்றதனைக் கடல் கடந்த தோட்டங்களின் வரலாற்றிற் காண்கிறோம். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு 1879 முதல் 1916 வரை அறுபதினாயிரத்திற்கும் மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பப்பெற்றனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்தினின்றும் கப்பல்கள் சென்றன. புறப்படுமுன் ஒவ்வொருவரும் பதிவு அலுவலர்முன் நிறுத்தப்பெறுவர். ஒப்பந்தத்தை உணர்ந்துள்ளாயா, விரும்பிச் செல்கின்றாயா என்பனவே அவ்வலுவலர் தெளிய வேண்டியவை. கூட்டத்தின் நடுவே, ஆள் பிடித்த முகவனின் கண்பார்வையில் நிற்கும் ஓர் உழவன் இவ்வினாக்களுக்கு வேறு விடை கூறியிருத்தல் அரிது. பின்னர் மருத்துவர் உடல் வலிமையை ஆராய்வர். வேலை கொள்வோர்க்கு வேண்டியது அதுவே.

ஒப்பந்தத் தாளில் ஐந்தாண்டு உழைப்பு, வாரநாளில் ஒன்பது மணி, சனிக்கிழமை ஐந்து மணி, ஆடவர்க்கு நாட்கூலி ஒரு ஷில்லிங், பெண்டிர்க்கு ஒன்பது பென்ஸ் என்று தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. நாட்கூலியே அன்றி அளவு வேலையும் உண்டு; திடமான ஆடவன் ஒருவன் ஆறு மணி நேரம் இடைவிடாது செய்யத்தக்கது ஓரளவு. அவ்வளவை வரையறுப்பவன் தோட்டத்து மேற்பார்வையாளன். அளவு நிரம்பாவிடிற் கூலி குறையும். இவற்றினும் பெரியது ஒன்றுண்டு. வேலைக்கு வாராதவனையும் தோட்டத்தை விட்டுச் சென்றவனையும் நீதிமன்றம் குற்றவாளியாகத் தண்டிக்கும் என்பது அத்தாளில் இடம்பெறவில்லை. 1915இல் பிஜிக்குச் சென்று ஆராய்ந்த ஆண்ட்ரூசும் பியர்சனும் இம்முறையின் கொடுமைகளை 1916இல் வெளியிட்ட அறிக்கையில் எடுத்துக்காட்டினர். அத்தீவில் இந்தியப் பெண்டிர் உற்ற துயரம் பாரதியார் பாடலால் தமிழுலகம் நன்கறிந்தது. எஞ்சிய ஒப்பந்தங்கள் 1920 சனவரி முதல் நாளில் நீக்கப்பட்டன.

இலங்கையின் வழி வேறு. ஆங்கு ஒப்பந்தத் தாளினும் கங்காணியே முதன்மையானவன். தன் ஊரிலும் சுற்றத்திலும் ஆள் திரட்டி, முன்பணம் கொடுத்து அழைத்துச் செல்வான். உறவு முறை கூறி அழைத்தவனிடம் ஐயவினா எழுப்புதல் எவர்க்கும் எளிதன்று. வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளர் தலையிற் கடனாய் ஏறும். இக்கடனைக் குறித்து ஒரு தோட்டத்தார் கொடுக்கும் சீட்டே துண்டு எனப்பட்டது. குறித்த தொகையைச் செலுத்தும் வேறு தோட்டத்திற்கு ஆட்களை விடுவிப்பதாக அது உறுதி கூறும். ஆகவே ஓர் ஆளைப் பிற தோட்டத்தார் ஏற்குமுன் அவன் திறத்தை வினவுவதினும் அவன் கடன் எவ்வளவு என்றே வினவினர். ஒரு மனிதன் தன் உழைப்பின் விலையன்றித் தன் கடனின் விலையால் மதிக்கப்பெற்றான் என்று கூறல் மிகையாகாது. முன்னறிவிப்பின்றி நீங்குவோரைச் சிறையிடவும் 1865ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தந்தது. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளர்க்குக் குறைந்த அளவுக் கூலியை வரையறுக்கும் சட்டம் 1927இல் வந்தது.

இவ்விரு முறைகளிலும் தொழிலாளி விடையிறுத்தவனாகவே ஆவணங்களிற் காணப்படுகின்றான். அவன் கேட்க விரும்பிய வினாக்களை அலுவலக ஏடுகளில் தேடுவது பயனற்றது. மலையகத்து வாய்மொழிப் பாடல்களில் அவை உண்டு. சி. வி. வேலுப்பிள்ளையின் தொகுப்பு நமக்குக் கிடைத்துள்ளது. கங்காணியை நோக்கிய வசையையும் வினாவையும் தனியே பிரித்து, துண்டு, முன்பணம் முதலிய சொற்களின் பொருளோடு இயைத்து ஆராய முன்வரும் மாணவர்க்கு அந்நிலம் இன்னும் பெரிதும் உழப்படாமலே கிடக்கின்றது.