ஊர் கேட்கும் சண்டை: தமிழ்க் காதல் கதையில் மோதலின் வரலாறு

வெம்பக்கோட்டை வட்டாரத்து ஊர் ஒன்றில் கல்யாணமாகாத ஒருத்தியும் ஒருத்தனும் பேருந்து நிறுத்தத்தில் சிரித்துப் பேசினால், பேருந்து வருவதற்குள் சேதி வீட்டுக்குப் போய்விடும். அதே இருவர் குழாயடியில் குடத்துக்காகச் சண்டை போட்டால் ஊர் வேடிக்கை பார்க்கும், சந்தேகப்படாது. முட்டிக்கொண்டு பிறகு ஒட்டிக்கொள்ளும் காதலர் கதைகள் சிற்றூரைக் களமாக விரும்புவதற்கும், வாசகர்கள் அவற்றைச் சலிக்காமல் படிப்பதற்கும் காரணம் இங்கேதான் கிடக்கிறது என்பது என் கருத்து. சண்டை என்பது ஊர் அனுமதித்த பேச்சு. ஆங்கிலத்தில் இந்த வகைக்கு ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட நாவலை முன்னோடியாகக் காட்டுவார்கள். தமிழில் இன்னும் கீழே தோண்ட வேண்டும்.

கலித்தொகையின் 51ஆம் பாடல் கபிலருடையது. தெருவில் கட்டிய மணல் வீட்டைக் காலால் கலைத்து, தலையில் சூடியிருந்த மாலையைப் பிடுங்கி, பந்தையும் பறித்துக்கொண்டு ஓடிய பயல் ஒருவன், வளர்ந்தபின் வாசலில் வந்து தண்ணீர் கேட்கிறான். கொடுத்துவிட்டு வா என்று அனுப்புவது அம்மாதான். நீட்டிய கையை அவன் வளையலோடு பற்ற, இவள் அலறுகிறாள். அம்மா ஓடிவந்ததும், தண்ணீர் குடிக்கும்போது இவனுக்கு விக்கிக்கொண்டது என்று கதையை மாற்றிவிடுகிறாள். அம்மா அவன் முதுகைத் தடவிக்கொடுக்கிறாள், அவனோ ஓரக்கண்ணால் இவளைப் பார்த்துச் சிரிக்கிறான். பழைய வம்பு, கூச்சல், பொய், கடைசியில் இருவரும் ஒரே கட்சி: இன்றைய முந்நூறு பக்க நாவலின் சரக்கு முழுவதும் இதில் இருக்கிறது.

வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளத்தில் 2022இல் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்களும் விளையாட்டு வட்டச் சில்லுகளும் கிடைத்தன. இந்த வைப்பாற்றங்கரைச் சில்லு கபிலரின் தெருவுக்குச் சான்றாகாது, தெரியும். ஆனாலும் அந்தச் சில்லைப் பறித்துக்கொண்டு ஓடிய பட்டிப்பயல் ஒருவன் இங்கும் இருந்திருப்பான் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

திருக்குறள் தன் கடைசி மூன்று அதிகாரங்களையும் புலவிக்கும் ஊடலுக்கும் ஒதுக்கியது. அவன் தும்மினால்கூட, எவள் நினைத்ததால் தும்மினாய் என்று அழும் பெண்ணை அங்கே பார்க்கிறோம். ஆனால் அது காதல் கனிந்தபின் வரும் சண்டை. சண்டை முந்திக்கொள்வதற்கு வழிவிட்டவை நம் உறவுமுறைகள்தான். மதினியும் கொழுந்தனும், முறைப்பெண்ணும் முறைமாப்பிள்ளையும் ஒருவரையொருவர் வாரிக்கொள்வது தவறல்ல. வாராவிட்டால்தான் 'என்ன கோபமா?' என்று கேட்பார்கள். மானிடவியலர் ராட்கிளிஃப் பிரவுன் 1940இல் 'கேலி உறவு' பற்றி எழுதியதை நம் கிராமத்துக் கிழவிகள் எழுதாமலே அறிந்திருந்தார்கள். முறை இல்லாத அந்நியர் இருவர் கதைக்குள் வரும்போது, முதல் சண்டை அந்த முறையின் இடத்தை நிரப்பிவிடுகிறது.

இதை மேடையில் நிலைநிறுத்தியவர் தூத்துக்குடியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). அவருடைய 'வள்ளி திருமணம்' தென்மாவட்டத் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கிறது. கூட்டம் காத்திருப்பது கல்யாணத்துக்காக அல்ல, தர்க்கத்துக்காக. தினைப்புனத்தில் வள்ளியிடம் நாரதரும், பிறகு வேடனாக வந்த முருகனும் வாதாடுகிறார்கள். எழுதிவைத்த வசனத்தைத் தாண்டி அந்தந்த இரவில் பிறக்கும் கேள்விக்கு நடிகை உடனடியாகப் பதில் சொல்லியாக வேண்டும். எதிராளி திணறினால் கைதட்டல் வள்ளிக்கு. தெய்வமே ஆனாலும் ஒரு பெண்ணிடம் வாயால் தோற்றபிறகுதான் கைப்பிடிக்க முடியும் என்பதை ஊரே உட்கார்ந்து ரசிக்கிறது.

சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையில் டி.கே.எஸ். சகோதரர்கள் பயின்றார்கள். அவர்களுடைய குழுவில் சிறுவனாக நடித்தவர் ஏ.பி. நாகராஜன். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் கோபுலுவின் ஓவியங்களோடு தொடராக எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' நாவலை 1968இல் படமாக்கியவரும் அவரே. நாதஸ்வரக்காரனும் நாட்டியக்காரியும் போட்டி போடும் அந்தக் கதையைத் தினைப்புனத் தர்க்கத்தின் வாரிசாகவே பார்க்கிறேன். வாய்க்குப் பதில் வாத்தியமும் சதங்கையும் வந்தன, சபை மட்டும் மாறவில்லை. 1989இல் 'கரகாட்டக்காரன்' அந்தக் கதையைக் கோயில் திருவிழாவுக்கே திருப்பிக் கொண்டுவந்தது.

எல்லா மோதலும் இந்த மரபில் சேராது. ஷேக்ஸ்பியரின் 'அடங்காப்பிடாரி' கதையைத் தழுவிய 'அறிவாளி' (1963), சோழவந்தான் பின்னணியில் வந்த 'பட்டிக்காடா பட்டணமா' (1972) ஆகியவற்றில் நாயகி வாய் நிறையப் பேசுகிறாள், பேசியதற்காகவே அடக்கப்படுகிறாள். சிரிப்பு யார் பக்கம் என்று கேட்டால் வேறுபாடு விளங்கும்.

ரமணிசந்திரன் வழிவந்த குடும்ப நாவல்களில் இன்னொரு திருப்பம் நேர்ந்தது. முதலில் கட்டாயக் கல்யாணம், பிறகு சண்டை, பிறகு காதல். தாலி ஏறிவிட்டதால் இருவரும் பேசிக்கொள்ள ஊரின் அனுமதி தேவையில்லை. சண்டை படுக்கையறைக்குள் போனதும் அதன் நகைச்சுவையில் பாதி போய்விட்டது என்பது என் குறை. இந்த வகையில் நன்றாக எழுதுபவர்கள் அதற்கும் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். கதவுக்கு வெளியே வெற்றிலை இடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு அப்பத்தாவை உட்கார வைத்துவிடுகிறார்கள்.